அம்மா வந்திருக்கு

சங்கரவடிவுதான் இதை எனக்கு முதலில் சொன்னாள், போன ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய செவ்வாய்க்கிழமை. கூழ் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் பந்தலுக்குள் வந்து, தன் பிள்ளைக்கு அம்மா வந்திருக்கு, கொஞ்சம் வேப்பிலை ஒடித்துக்கொள்ளட்டுமா என்று பூசாரியிடம் கேட்டாள். அம்மை என்று நேராகச் சொல்ல நாக்கு வராது நம் ஜனங்களுக்கு. அம்மா என்றுதான் சொல்வோம். அதைக் கேட்டதும் வடிவு குழாயை மூடாமலே நின்றுவிட்டாள். பிறகு சொன்னாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. அவள் மனசு போன வழியிலேயே நானும் சொல்லிப் பார்க்கிறேன், வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது.

மும்பையிலிருந்து வந்த விமானம் தரையைத் தொட்டு, ஓடி, நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. கதவு திறக்கவில்லை. கட்டிடத்துக்கு எட்டாத தூரத்தில், வெயிலில் கருகிய புல்லுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சுகாதார அதிகாரி வந்து பார்க்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்று மூன்று பாஷையிலும் சொல்லிவிட்டார்கள். இறங்கக் கூடாது. சங்கரவடிவின் மனசு அந்தச் சொல்லில் போய் மாட்டிக்கொண்டது, வேலிமுள்ளில் முந்தானை மாட்டுவதுபோல; இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. இறங்கவே மாட்டேங்குது என்றுதானே மகனும் சொன்னான். சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். மடியில் துணிப்பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், இருந்தது. பைக்குள் கோடிச் சேலை, அரக்கு நிறம், இன்னும் தண்ணீர் காணாதது, மடிப்புக் கலையாதது. அதன்மேல் ஒரு மஞ்சள் கிழங்கும் குங்குமப் பொட்டலமும். தங்கை ஆவுடை நேற்றுச் சாயங்காலம் செத்துப்போனாள். உலை வைத்துவிட்டு உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே. வீடு இதோ, இங்கேதான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவனியாபுரத்தில். ஃபோனில் பேசிக்கொண்டே இருக்கும்போது தலைக்குமேல் சத்தம் வரும், இரு அக்கா, பிளேன் போகட்டும் என்பாள், இவளும் காதில் ஃபோனை வைத்தபடி அது போகட்டும் என்று இருப்பாள். இன்றைக்கு அக்கா வந்த பிளேன் அந்த வீட்டுக்கு மேலேகூடப் போயிருக்கும். கூடத்தில் கிடத்தியிருப்பார்கள். யாருக்கும் பேச்சை நிறுத்த வேண்டிய தேவை இருந்திருக்காது. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, முருகா. நாளைக்குச் சனிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது என்று அதுவரை வைத்திருக்கமாட்டார்கள், இன்று எமகண்டம் தொடங்கும் முன்னால் எடுத்துவிடுவார்கள். புருஷன் இருக்கும்போதே போனவள், மஞ்சள் குங்குமத்தோடு போகிறவள், குளிப்பாட்டியதும் அவள்மேல் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழவேண்டும். ஆவுடைக்குப் பிறந்த வீடு என்று உலகத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறதென்றால் அது இந்தத் துணிப்பையும், இதை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற பொம்பளையும்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் நாத்தனார் உலகம்மாள் இத்தனை வருஷமும் குத்தினாள். தீபாவளிக்கு எடுத்துக் கொடுக்க நாதி இருக்கா, ஒரு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஆள் இருக்கா என்று, சோறு போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே. ஆவுடை அதையெல்லாம் அக்காவிடம் சொல்லும்போது அழமாட்டாள். நான் சாகும்போது நீ ஒருத்தி வந்து போடு அக்கா, அது போதும், அவ வாயை அடைச்சிரலாம் என்பாள். இவள் வாயைக் கழுவு என்பாள். வாயைக் கழுவவில்லை அவள்.

ஜன்னலோரம் ஒரு மாசமான பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டிப்போயிருந்தாள். நடுவில் இருந்த காலி இருக்கை இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கக் கூடாதா என்பதுபோல் அவ்வப்போது அதைப் பார்த்தாள். பாவம், அவள்மேல் என்ன தப்பு. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாளாம். விமானம் ஏறியதும் தன் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தாள், சாப்பிடுங்கம்மா என்றாள். இழவுக்குப் போகிற வாய், வேண்டாம் தாயி என்று இவள் சொல்லவில்லை. பிள்ளைத்தாச்சியிடம் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். அவ்வளவு யோசித்து நடந்தும் என்ன ஆனது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் மகன் கதிரேசன். கையை நீட்டினால் எட்டும் தூரம். அவனுடைய ஆபீஸ் கூட்டாளிகள் நாலு பேர் பின்வரிசையில் இருந்தார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள், மும்பையில் வரிசையில் நிற்கும்போது பார்த்துக்கொண்டது. சித்தி செத்துப்போனதை அவன் அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் முகம் மாறும், இவனும் முகத்தை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வர அலுப்பாக இருந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். நவீன் என்கிற பையன் எழுந்து வந்து இவன் இருக்கையின்மேல் சாய்ந்துகொண்டு, என்னடா, மூணு மாசமா எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறே என்று கேட்டான். அதற்கு இவன் சொன்னான்.

"அம்மா வந்திருக்குடா வீட்டுல. மூணு மாசமாச்சு, இறங்கவே மாட்டேங்குது. வேப்பிலைக்கும் அடங்கல. இன்னைக்குத்தான் தண்ணி ஊத்தி ஊர்ல கொண்டு விடலாம்னு போறேன். தள்ளி நில்லு, உனக்கும் ஒட்டிக்கும்."

இரைச்சலில் அவளுக்கு எல்லாம் கேட்கவில்லை. அம்மா வந்திருக்கு என்பது கேட்டது. இறங்க மாட்டேங்குது, தண்ணி ஊத்தி என்பது கேட்டது. பிள்ளைக்கா, எப்போது, நான் ஒரே வீட்டில் இருந்தும் கவனிக்கவில்லையே, நேற்றுக்கூட வத்தக்குழம்பு தாளித்தேனே, தாயே, தாளித்த வாசனை பட்டிருக்குமே. கை தானாகக் கும்பிட்டது. கும்பிட்ட கையை நடைபாதைக்குக் குறுக்கே நீட்டி அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. தொட்டுக்கொண்டே, எப்பய்யா வந்தது, எங்கிட்டச் சொல்லவே இல்லையே, எங்க முத்துப் போட்டிருக்கு என்று வாய்விட்டுக் கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். நவீன் என்பவன் இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் புரிந்தது. வந்திருக்கிற அம்மா யார், இறங்காத அம்மா யார், தண்ணீர் ஊற்றி எதைத் தலைமுழுகப் போகிறான் என்பதெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக, ஈரத்துணி தோளில் ஒட்டுகிறமாதிரி வந்து ஒட்டியது. கையை எடுத்துக்கொண்டாள். அவன் கழுத்து குளுகுளுவென்றுதான் இருந்தது. இதெல்லாம் ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். அவள் கண்டது, மகன் தனக்கு அம்மை என்றான், பெற்றவள் பதறித் தொட்டுப் பார்த்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும். அவள் பொத்தானை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள், நான் மாசமா இருக்கேன், எனக்கு வேற இடம் குடுங்க என்று அழ ஆரம்பித்தாள். பணிப்பெண் வடக்கத்திப் பிள்ளை, கதிரேசனிடம் போய் இங்கிலீஷில் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், ரொம்ப டேஞ்சர், அதோ உட்கார்ந்திருக்கு பாருங்க என்பதுபோல ஏதோ சொல்லி இவள் பக்கம் கையைக் காட்டினான். மதர் என்ற சொல் மட்டும் இவளுக்குப் புரிந்தது. பணிப்பெண் சிரிக்கவில்லை. உள்ளே போனாள், முகமூடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு நவீன் தன் இடத்துக்குப் போய் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கதிரேசன் எழுந்துபோய் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றானாம். கீழே தகவல் போய்விட்டது, அதிகாரி பார்க்காமல் கதவு திறக்காது, விளையாட்டு என்றால் அதையும் அவர்களிடமே சொல்லுங்கள், அதற்குத் தனிக் கேசு இருக்கிறது என்றார்களாம்.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. உலகம்மாள் மதினிதான். எங்கே வந்துட்டிருக்கீக, குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குக் கிளம்பப்போறாக என்றாள். இவள், வந்துட்டேன் மதினி, இங்கதான் இருக்கேன், பிளேன்ல இருந்து இறங்க விடலை என்றாள். இறங்க விடலையா, ஏன் என்று கேட்டாள் அவள். இவள் ஏதோ மிஷின் கோளாறு போல என்று சொல்லிவிட்டாள். ஒரு பொய். செத்த வீட்டுக்குச் சொல்கிற பொய். சரி சரி, எமகண்டத்துக்கு நிக்கமாட்டாக, சட்டுன்னு வாங்க, இல்லேன்னா நாங்களே எதையாவது போட்டு எடுத்துருவோம் என்று மதினி ஃபோனை வைத்தாள். நாங்களே எதையாவது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ போனது. அதில் ஏறினால் போதும். பஸ்ஸாக இருந்தால் கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக்கொள்ளலாம், இதில் யாரிடம் சொல்வது. அந்த நேரத்தில்தான் கதிரேசன் நடைபாதைக்குக் குறுக்கே குனிந்தான். அம்மா என்றான். என்ன மாதிரி அம்மா அது. ஆறு வயசில் அவனுக்கு நிஜமாகவே அம்மா வந்தபோது, உள்ளங்கால்வரை முத்துப் போட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோது இப்படித்தான் கூப்பிட்டான். அப்போது இவள் தலை வாரவில்லை, தாளிக்கவில்லை, வாசலைத் தாண்டவில்லை. பாயில் வேப்பிலையைப் பரப்பி அவன் பக்கத்திலேயே வெறுந்தரையில் கிடந்தாள். சொறியாமல் இருக்க அவன் இரண்டு கையையும் தன் கையால் பிடித்துக்கொண்டே தூங்கினாள். தாயே, இறங்கிக்கோ, என் பிள்ளையை விட்டு என்மேல ஏறிக்கோ என்று கேட்டாள். அவள் ஏறிக்கொள்ளவில்லை. இவளுக்குச் சின்ன வயசிலேயே ஆவுடையோடு சேர்ந்து போட்டுவிட்டது; ஒருதரம் வந்தவள் மறுபடி வரமாட்டாள் என்பார்கள், அவன் கழுத்தைத் தொட்ட பதற்றத்தில் அதுகூட நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, எந்தப் பிள்ளை அதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது. இறங்கல, தண்ணி ஊத்தணும் என்கிற பேச்சு. இவள் வாயிலிருந்துதானே. இவள் பயந்து பயந்து சொன்ன சொல்லைத்தானே எடுத்து விளையாடினான்.

"அம்மா, யாராவது கேட்டா உனக்குத்தான் உடம்பு சரியில்லேன்னு சொல்லிரு" என்றான். "உன் கழுத்துல வேர்க்குரு இருக்குல்ல, அதைக் காட்டு. வயசானவங்கன்னு உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நான்னா கேசாயிரும்மா. வேலை போயிரும்."

அவள் பையைத் தொட்டாள். அவன் பார்த்தான். அதை நான் கொண்டுபோய்க் குடுத்திர்றேன், சித்திக்கு நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன என்றான். நீ போட்டால் என்ன. அக்காள் மகன் பிறந்த வீட்டு ஆள் ஆவானா, ஆவான் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள். அதுவல்ல இப்போது நெஞ்சில் நிற்பது. இவன் கேட்கிறதைச் செய்தால் தங்கை முகத்தைப் பார்க்க முடியாது. செய்யாவிட்டால் பெற்ற பிள்ளையைப் போலீஸில் கொண்டு நிறுத்துகிறோம். போலீஸ் என்றால் அடிப்பார்களா, படித்தவனை அடிக்கமாட்டார்கள். அடித்தால் என்ன, கொஞ்சம் அடிக்கட்டுமே. ஐயோ, முருகா, என்ன நினைப்பு இது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா. அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கிறது, ராத்திரி டிக்கெட் போட உட்கார்ந்தவன்தானே, சித்தி என்றதும் எவ்வளவு ஆனாலும் சரி என்று டிக்கெட் போட்டவன்தானே. நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைக்கு வாய் மட்டும் ஏன் இப்படி. ஆனால் பொய்யை எப்படிச் சொல்வது. மிஷின் கோளாறு என்று சொன்ன மாதிரி இதைச் சொல்ல முடியாது. வராத அம்மாவை வந்ததாகச் சொன்னால் அது அவள் பேரில் சொல்கிற பொய். எந்தப் பொய்யையும் பொறுப்பாள், தன் பேரைச் சொல்லி விளையாடினால் பொறுக்கமாட்டாள் மாரி. மகன் ஒருதரம் விளையாடியாகிவிட்டது. பெற்றவளும் விளையாடினால் அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும். ஜன்னலோரத்து வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆனால். செல்லியம்மா, காளியம்மா, நீயே ஒரு வார்த்தை எடுத்துக் குடு. உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வேர்க்குரு நமநமவென்று அரித்தது. மும்பை அடுக்களை வேர்க்குரு, ஜன்னல் இல்லாத அடுக்களை. மூன்று மாசமாக இறங்காத அம்மா அங்கே நின்றுதான் அவர்களுக்கு ஆக்கிப்போட்டாள், மருமகள் வேலைக்குப் போகட்டும் என்று. வாம்மா, வந்து கொஞ்ச நாள் இரு, பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டது யார். கூப்பிட்டுத்தானே வந்தாள். கூப்பிடாமல் வருகிறவள் மாரிதான்.

கதவு திறந்தது. வெயிலும் பெட்ரோல் வாசனையும் முதலில் உள்ளே வந்தன, பிறகு மேலிருந்து கீழ்வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு டாக்டரம்மாள், அவளுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையில் நவீனும் மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஃபோனைப் பார்த்தார்கள். டாக்டரம்மாள் பக்கத்து ஊர்க்காரி போல, அதட்டாமல் கேட்டாள்.

"இங்க யாருக்குங்க அம்மா வந்திருக்கு? யாரு அந்த அம்மா?"

ஜன்னலோரத்துப் பெண் கதிரேசனைக் காட்டக் கையைத் தூக்கினாள். கதிரேசன் தன் தாயைப் பார்த்தான். அவள் எழுந்திருந்தாள். வார்த்தையை யாரோ வாயில் எடுத்து வைத்தமாதிரி இருந்தது, ஒரு பொய்யும் இல்லாத வார்த்தை.

"வந்திருக்கிற அம்மா நான்தான் தாயி."

டாக்டரம்மாள் கழுத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், யோசித்தாள். வேர்க்குரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் கர்ப்பிணி உட்கார்ந்திருக்கிற வரிசை, பெரியாஸ்பத்திரியில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்றாள். வடிவு பையை மகன் மடியில் வைத்தாள். எமகண்டத்துக்கு முன்னாடி போயிரு, மஞ்சளையும் சேர்த்து வையி என்றாள். முந்தியில் கடலைமிட்டாய் கனத்தது. அத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நடுவில் நடந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அவள்தான் முதலில் இறங்கினாள். ஆம்புலன்ஸ் அவனியாபுரம் வழியாகத்தான் போனது. ஜன்னலில் பச்சைத்தாள் ஒட்டியிருந்தது, தெரு தெரியவில்லை. ஒரு இடத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது, ஆவுடை வீட்டுக் கொட்டா, வேறு வீட்டுதா, யாரைக் கேட்பது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஒருவர் வந்து பார்த்து, வெறும் வேர்க்குரு, பவுடர் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசலில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தான், கையில் பை. பயணிகளை எல்லாம் எழுதிக்கொண்டு விட்டபிறகும் எமகண்டத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டானாம். வாசலில் உலகம்மாள் மறித்துக்கொண்டு, உங்கம்மா எங்கே என்று கேட்டாளாம். அங்கே மெய்யைச் சொல்ல முடியுமா, போலீஸ்வரை போன விஷயம், கூட்டாளிகளும் ஆட்டோவில் காத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அம்மை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். அம்மை கண்டவள் மடியில் இருந்த துணியை இழவு வீட்டுக்குள் விடுவார்களா. உள்ளே சின்னக் குழந்தைகள் வேறு. பையைக் கையால் தொடக்கூட இல்லையாம், அப்படியே கொண்டுட்டுப் போயிருய்யா என்றாளாம். எதிர்வீட்டு மாவுமில்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு, நீ பிறந்த வீடாக நின்று போடு என்று சொல்லி, அவள் போட்டு எடுத்துவிட்டார்கள். சொல்லிவிட்டுக் கதிரேசன், எல்லாம் மூடநம்பிக்கைம்மா, இந்தக் காலத்திலயும் இப்படி இருக்காங்க என்றான். வடிவு பையை வாங்கிக்கொண்டாள். நீ சாப்பிட்டியாய்யா என்று கேட்டாளாம். கேட்டேன், வேற என்ன கேக்க என்றாள் என்னிடம்.

இதோடு போயிருந்தால் அவள் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் கேட்டது இவளுக்குப் புரியவில்லை, வெள்ளந்தியாக நான்தான் அம்மா என்று எழுந்து நின்றுவிட்டாள், அதனால்தான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மைத்துனி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு அதைச் சொன்னான், எங்கம்மாகிட்ட யாருக்கு அம்மைன்னு கேட்டா, நான்தான் அம்மாங்குது என்று, இவள் குரலிலேயே பேசிக்காட்டி. பந்தி முழுக்கச் சிரித்தது. இவள் அப்போது அந்த வரிசைக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவனை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலகலப்பான பையன், எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைப்பான். நீங்களும் எங்காவது ஒரு கல்யாணத்தில், ரயிலில் அவனைப் பார்க்கலாம், உங்களிடமும் அதைச் சொல்வான். சொன்னால், அவனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், ஒன்றும் விளக்க வேண்டாம். சிரிக்காமல் மட்டும் இருங்கள்.